தெரியாத கணிதக் குறி எதிரே வந்தால்: புரட்டுவதா, தேடுவதா, கேட்பதா, போட்டுப் பார்ப்பதா?

(2/7) = 1

தேவகோட்டையிலிருந்து என்னிடம் படிக்க வரும் மாணவி ஒருவர் இந்த ஒற்றை வரியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். எம்.எஸ்சி. முதலாண்டு, எண் கோட்பாடு தாள். "சார், இது அச்சுப்பிழையா? ரெண்டை ஏழால வகுத்தா எப்படி ஒண்ணு வரும்?"

அதே வாரம் காரைக்குடியிலேயே, பங்கு பிரிப்பதற்காகப் பழைய வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, பெட்டகத்தில் கிடந்த பேரேட்டை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்தார். "தம்பி, நீங்க கணக்குச் சொல்லிக் குடுக்கிறவுக. இது எழுத்தா, எண்ணான்னு மட்டும் சொல்லுங்க. கொழும்புக் கணக்குன்னு எங்க அப்பச்சி சொல்லுவாக."

இரண்டு பேருக்கும் சிக்கல் ஒன்றுதான். பக்கத்தில் உள்ள மற்றதெல்லாம் ஓரளவு புரிகிறது. ஒரு குறி மட்டும் வழிமறித்து நிற்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஐந்து வழி உண்டு. புத்தகத்தையே திரும்பப் புரட்டலாம், இணையத்தில் தேடலாம், ஏ.ஐ. செயலியிடம் படத்தைக் காட்டலாம், தெரிந்தவரிடம் கேட்கலாம், சின்ன எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதில் ஏதோ ஒன்றை மட்டும் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். அது கைகொடுக்காத இடத்தில் பாடத்தையே மூடி வைத்துவிடுகிறார்கள். ஒரு குறி புரியாமல் ஒரு தாளே போவதைப் பல முறை பார்த்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. அதனால் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது?

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்விதான் பெரியது: கிடைக்கும் விடை *இந்தப் பக்கத்துக்கு* பொருந்துமா? கணிதக் குறிக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. (0, 1) என்று எழுதியிருந்தால் அது தளத்தில் ஒரு புள்ளியாக இருக்கலாம். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலான திறந்த இடைவெளியாக இருக்கலாம். எண் கோட்பாட்டு நூலில் அதுவே இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. பிரெஞ்சு மரபில் எழுதுகிறவர்கள் அந்த இடைவெளியையே ]0, 1[ என்று அடைப்பைத் திருப்பிப் போட்டு எழுதுவார்கள். எழுத்துக்கு மேலே போடும் சின்னக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணங்கள் பாடத்தில் அது நிரப்புக் கணம். பிளஸ் டூவில் வகைக்கெழு. சில புள்ளியியல் நூல்களில் அணியின் நிரை நிரல் மாற்று. நம்மூர் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) பற்றிய கட்டுரையைப் படித்தால் ஒற்றைக் கோடு மெய்ப் பகுதி, இரட்டைக் கோடு கற்பனைப் பகுதி. கணிதம் முடித்துவிட்டு அங்கே புராஜெக்ட் செய்யப் போன பையன் ஒருவன் அதை முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு என்றே மூன்று நாள் வாசித்திருக்கிறான். குறி அவனுக்குப் புதிதே இல்லை. தெரிந்த குறிதான் வேறு பொருளில் வந்து நின்றது. முற்றிலும் தெரியாத குறியைவிட இதுதான் ஆபத்து, ஏனென்றால் யாரிடமும் கேட்கத் தோன்றாது.

இரண்டாவது, எவ்வளவு நேரம் பிடிக்கும். மூன்றாவது, நாளைக்கும் நினைவில் நிற்குமா, வாயால் வாசிக்க வருமா. வாசிக்கத் தெரியாத குறியைக் கண் தாண்டிப் போய்விடும். வகுப்பில் எழுந்து கேட்கவும் முடியாது. நான்காவது, வெளியே தெரியாத செலவு என்ன.

## வழி 1: அதே புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுவது

பொருத்தத்தில் இதற்கு இணையே இல்லை. எழுதியவரே சொல்லும் பொருள் அல்லவா? இயல் எண்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குமா, ஒன்றிலிருந்தா என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ⊂ என்ற குறி சமமாக இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறதா, தகு உட்கணத்தை மட்டுமா என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் உலகத்தில் வேறு யாரும் உங்களுக்காகத் தீர்த்துவைக்க முடியாது. அந்த நூலின் முன்பக்கமோ முதல் அத்தியாயமோதான் சொல்லும்.

தேடும் முறை இது. முதலில் நூலின் தொடக்கத்திலோ கடைசியிலோ குறிகளின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தக் குறி முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள். 'என்க', 'என்று குறிப்போம்' என்ற வாக்கியம் அங்கே இருக்கும். அதுவும் இல்லையென்றால் பொருளடைவு.

மறைந்த செலவு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. தேவகோட்டை மாணவியின் கையில் முழு நூல் இல்லை. ஆறாம் அத்தியாயத்தின் நகல் மட்டும் இருந்தது. குறியின் விளக்கம் ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில். அவர் மேல் தப்பே இல்லை, எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். இனி நகல் எடுக்கும்போது குறிப்பட்டியல், பொருளடைவு இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். நான்கைந்து பக்கம் கூடும், அவ்வளவுதான்.

பேரேட்டில் குறிப்பட்டியல் கிடையாது. ஆனாலும் பின்னோக்கிப் புரட்டுவது அங்கேயும் உதவும். ஆச்சி கொண்டு வந்த பக்கத்தின் உச்சியில் தனியாக ஓர் 'உ' இருந்தது. கீழே கணக்கு வரிசையிலும் அதே வடிவம். அதற்கு முன்னால் இருந்த பக்கங்களைத் திருப்பினோம். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அந்த 'உ' நின்றது. அப்படியென்றால் மேலே இருப்பது பிள்ளையார் சுழி. வரிசைக்குள் இருப்பது ௨, இரண்டு. ஒரே பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் மேலே இருப்பதையும் எண்ணென்று எடுத்திருப்போம்.

## வழி 2: பட்டியலிலோ இணையத்திலோ தேடுவது

இதற்கு உள்ள முட்டுக்கட்டை, பெயர் தெரியாததைத் தட்டச்சிடவே முடியாது என்பது. கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில், கணிதச் செயற்குறிகளுக்கென்று உள்ள தொகுதியில் மட்டும் 256 குறிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடுபொறியில் அப்படியே ஒட்டினால் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு மற்ற சொற்களைத்தான் தேடும். எனவே முதலில் பெயர் வேண்டும். அதற்கு டிடெக்ஸிஃபை என்ற வலைக்கருவி நல்லது. கட்டத்துக்குள் விரலாலோ மவுசாலோ வரைந்தால், கணிதத்தை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் அந்தக் குறிக்கு என்ன கட்டளை என்று காட்டும். குலக் கோட்பாட்டில் ⋊ என்ற வடிவத்தைப் பார்த்து மிரண்ட ஒரு மாணவர் அதை வரைந்தார். 'ஆர்டைம்ஸ்' என்று வந்தது. அதைத் தேடியதும் 'செமி டைரக்ட் புராடக்ட்' என்று பெயர் கிடைத்தது. இரண்டே நிமிடம்.

வடிவமே விசித்திரமாக இருந்தால் இந்த வழி வேகமானது. அந்த மாதிரிக் குறிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்தான் இருக்கும். ஆனால் அடைப்புக்குறி, சாய்கோடு, மேற்கோடு, கிரேக்க எழுத்து போன்ற எளிய வடிவங்களுக்கு இது உதவாது. (2/7) என்பதை வரைந்து என்ன செய்ய? அடைப்பும் கோடும்தான் கிடைக்கும். φ என்று தேடினால் பொன் விகிதமும் வரும், ஆய்லரின் சார்பும் வரும், கோணமும் வரும்.

தமிழ்க் கணக்குக் குறிகளில் நிலைமை இன்னும் கொஞ்சம் கடினம். ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி ஆகியவை போன்களில் ஓரளவு தெரிகின்றன. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16) முதலிய பின்னங்களின் குறிகள் 2019ஆம் ஆண்டில்தான் யூனிகோடுக்குள் வந்தன. பல கருவிகளில் அவற்றுக்கு எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டமாகத்தான் காட்டும். இவற்றுக்குப் பழைய எண்சுவடி அச்சு நூல்களைத் தேடுவதே மேல். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் இப்போது சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நூல்களுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

## வழி 3: படமெடுத்துச் செயலியிடம் கேட்பது

வேகத்தில் இதுதான் முதல். தமிழிலேயே விளக்கமும் சொல்கிறது. இரவு பதினொரு மணிக்கு யாரையும் தொந்தரவு செய்ய முடியாத நேரத்தில் இது பெரிய உதவி, அதை மறுக்கவில்லை.

சிக்கல், நீங்கள் எதைக் காட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒரு வரியை மட்டும் காட்டினால், அந்த வரிக்கு ஊரில் அதிகம் வழங்கும் பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும். மாணவி முதலில் அப்படித்தான் கேட்டிருக்கிறார். 'இது பின்னம், சமன்பாடு தவறாக அச்சாகியிருக்கலாம்' என்று வந்திருக்கிறது. அரைப் பக்கத்தையும் அத்தியாயத் தலைப்பையும் சேர்த்துக் காட்டி, 'இந்தக் குறிக்கு வேறு என்னென்ன பொருள் இருக்கலாம், அதில் இங்கே எது, ஏன்?' என்று கேட்கச் சொன்னேன். உடனே சரியான பெயர் வந்துவிட்டது. கேள்வி மாறியதும் விடை மாறியது என்றால், முதல் விடையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பேரேட்டுப் பக்கத்தைக் காட்டியபோது பத்தைக் குறிக்கும் ௰ என்பதை 'ய' என்ற எழுத்தாக வாசித்துவிட்டது. அதைவிட எனக்குக் கவலையாக இருந்தது வேறு ஒன்று. பேரேடு என்பது யார் யாருக்கு எவ்வளவு கடன் பட்டிருந்தார்கள் என்ற விவரம். பெயர்கள், ஊர்கள் எல்லாம் இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்றும் நம் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். படம் அனுப்புவதற்கு முன்னால் பெயர்ப் பகுதியைத் தாளால் மூடி எண் வரிசையை மட்டும் எடுங்கள்.

## வழி 4: தெரிந்தவரிடம் கேட்பது

வாயால் வாசிக்கக் கற்றுக்கொள்ள இது ஒன்றுதான் வழி. ∂ என்ற குறியை ஒரு கல்லூரியில் 'டோ' என்பார்கள், இன்னொன்றில் 'பார்ஷியல்' என்பார்கள். எந்தப் பட்டியலும் இதைச் சொல்லித் தராது. அதோடு, தெரிந்தவர் ஒருவர் ஒரு குறியை வாசிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறார், எதை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார் என்று கேட்டாலே பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

காரைக்குடியில் கேட்க ஆளில்லை என்று சொல்லவும் முடியாது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரில் கணித நிறுவனமே தொடங்கியவர். இங்கே அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் இராமானுஜன் உயர் கணித மையம் இருக்கிறது. மின்வேதியியல் குறி என்றால் சிக்ரியில் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள்.

செலவு? வெட்கம். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், கரும்பலகையில் ∀ என்று எழுதியதைப் பார்த்து "அது ஏன் சார் ஏ தலைகீழா இருக்கு?" என்று கேட்டேன். "இதுகூடத் தெரியாமலா இங்கே வந்தே?" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க நான் கையைத் தூக்கவில்லை. பின்னால்தான் படித்தேன்: 1935இல் கெர்ஹார்ட் கென்ட்சன் பயன்படுத்தும் வரை அந்தக் குறி கணிதத்தில் யாருக்கும் தெரியாது. ராபர்ட் ரெக்கார்டு 1557இல் அச்சிடும் வரை சமக்குறிக்கு இந்த இணைகோட்டு வடிவத்தை யாரும் அறியவில்லை. லைப்னிட்ஸ் 1675இல் தன் குறிப்பில் நீண்ட 'எஸ்' எழுத்தைத் தொகையிடலுக்கு எழுதியபோது அது அவருக்கு மட்டுமே தெரிந்த குறி. ஒவ்வொரு குறியும் யாரோ ஒருவர் ஒரு நாள் வைத்தது. அதை இன்னொருவர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

வெட்கத்தைக் குறைக்க ஒரு முறை உண்டு. வெறுங்கையோடு போகாமல், 'இந்தப் பக்கம், இந்தக் குறி, இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன், இந்த எண்ணைப் போட்டால் ஒத்துவரவில்லை' என்று நான்கையும் கொண்டு போங்கள். கேட்கப்படுகிறவருக்கும் ஒரு நிமிட வேலைதான்.

பேரேட்டு விஷயத்தில் இந்த வழிக்கு அவசரமும் உண்டு. பெட்டியடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்து கணக்கு எழுதக் கற்றவர்கள், அவர்களிடம் பழகியவர்கள் எல்லாருக்கும் வயது எண்பது, தொண்ணூறு. புத்தகம் அடுத்த வருடமும் அலமாரியில் இருக்கும். அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்த வருடமே கேட்டுவிட வேண்டும்.

## வழி 5: சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது

இதை நான் மிகவும் நம்புகிறேன். எந்த வழியில் பொருள் கிடைத்தாலும் இதில் ஒரு முறை உரசிப் பார்க்காமல் ஏற்பதில்லை.

(2/7) கதைக்கு வருவோம். மாணவியின் நகலிலேயே, பயிற்சிக் கணக்கில் (1/7) முதல் (6/7) வரை வரிசையாக விடைகள் இருந்தன: 1, 1, −1, 1, −1, −1. பின்னமாக இருந்தால் ஏறிக்கொண்டே போக வேண்டும். இங்கே ஒன்றும் கழித்தல் ஒன்றும்தான் மாறி மாறி வருகின்றன. எங்கெங்கே 1 வருகிறது? 1, 2, 4 ஆகிய இடங்களில். ஏழோடு இந்த மூன்றுக்கு என்ன உறவு? அவரையே 1 முதல் 6 வரை வர்க்கம் எடுத்து ஏழால் வகுத்து மீதியை எழுதச் சொன்னேன். 1, 4, 2, 2, 4, 1. "சார், அதே மூணு எண்தான் வருது!" ஏழால் வகுக்கும்போது வர்க்க மீதியாக வரும் எண் என்றால் 1, வராத எண் என்றால் −1, ஏழால் மீதியின்றி வகுபட்டால் 0. லெஜாந்தர் 1798இல் கொண்டு வந்த குறி அது. பெயரைச் சொல்வதற்கு முன்பே அவர் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார். இனி மறக்கமாட்டார்.

அளவே சில நேரம் சொல்லிவிடும். 4!! என்பதை 'நான்கின் காரணீயப் பெருக்கத்துக்குக் காரணீயப் பெருக்கம்' என்று எடுத்தால் 24 இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். நூலில் விடை 8 என்று இருக்கிறது. அப்படியென்றால் ஒன்றுவிட்டு ஒன்று பெருக்குகிறார்கள், 4 × 2. லாக் என்று மட்டும் போட்டு அடிமானம் சொல்லாத இடத்திலும் இப்படித்தான். மின்வேதியியலில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் லாகுக்கு முன்னால் 25 டிகிரி செல்சியஸில் 0.0592 இருந்தால் அடிமானம் 10, 0.0257 இருந்தால் இயல் மடக்கை. இரண்டுக்கும் நடுவில் 2.303 மடங்கு.

இப்போது ஆச்சியின் பேரேடு. மூன்று வரிகள். ரூபாய் இடத்தில் ௰௨, அதன் கீழ் ௨௰, கோட்டுக்குக் கீழே ௩௰௩. பக்கத்து வரிசையில் ௯, ௰௧, கோட்டுக்குக் கீழே ௪.

பழைய முறையில் பூச்சியம் இல்லை. பத்தின் குறிக்கு இடப்பக்கம் ஓர் எண் நின்றால் பெருக்க வேண்டும், வலப்பக்கம் நின்றால் கூட்ட வேண்டும். ௨௰ இருபது, ௰௨ பன்னிரண்டு, ௩௰௩ முப்பத்து மூன்று. ௯ ஒன்பது, ௰௧ பதினொன்று, ௪ நான்கு. இந்த விதியை நம்பலாமா? கூட்டிப் பார்ப்போம். 12 + 20 = 32. ஆனால் கோட்டுக்குக் கீழே 33 இருக்கிறது. விதி தப்பா? இல்லை, அடுத்த வரிசையைப் பாருங்கள். 9 + 11 = 20, ஆனால் கீழே எழுதியிருப்பது 4. இருபதில் பதினாறு போக நான்கு. அந்தப் பதினாறு ஒன்றாகி இடப்பக்கம் ஏறியிருக்கிறது. 32 + 1 = 33. பதினாறு அணா ஒரு ரூபாய்! 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரை நம் நாட்டில் அப்படித்தான்.

அதைப் பார்த்ததும் ஆச்சியிடம் சொன்னேன், இது கொழும்புக் கணக்காக இருக்க வாய்ப்பில்லை என்று. இலங்கை ரூபாய் 1872 முதலே நூறு சதம். மலாயா வெள்ளியும் நூறு காசு. கொழும்பிலோ பினாங்கிலோ எழுதியிருந்தால் 9, 11 கூட்டி 20 என்றே நின்றிருக்கும், மேலே ஏறியிருக்காது. பதினாறில் ஏறுவதால் இது ஊர்க் கணக்கு, இல்லையென்றால் அணாவே வழங்கிய பர்மாக் கணக்கு. ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க ஐயா ரங்கூன்ல கடை வச்சிருந்தாகன்னு சொல்லுவாக. ஏடு ஒண்ணும் மிஞ்சலைன்னுல்ல நெனச்சோம்" என்றார்.

இந்த வழிக்கும் ஒரு பொறி உண்டு. ஒரே எண்ணோடு நிறுத்தினால் ஏமாறுவோம். φ(10) = 4 என்று பார்க்கிறீர்கள். பத்துக்குள் பகா எண்கள் நான்கு, எனவே பகா எண்களின் எண்ணிக்கை என்று நினைத்தால் அது ஒத்துவரும். ஆனால் அது π(10). φ(10) என்பது பத்துக்குள், பத்தோடு ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்களின் எண்ணிக்கை: 1, 3, 7, 9. தற்செயலாக அதுவும் நான்கு. ஏழைப் போட்டால் பிரிந்துவிடும், φ(7) ஆறு, π(7) நான்கு. குறைந்தது மூன்று எண்ணாவது போட்டுப் பாருங்கள். அதில் ஒன்று பகா எண்ணாக இருக்கட்டும்.

இன்னொன்று, இது அளவைச் சொல்லும் குறிக்கு மட்டும்தான் உதவும். ⋊ போன்ற அமைப்பைச் சொல்லும் குறியிடம் எண்ணைக் கொண்டு போய் நிற்க முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | இந்தப் பக்கத்துக்குப் பொருத்தம் | நேரம் | நினைவில் நிற்பது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| புத்தகத்தைப் புரட்டுவது | மிக அதிகம் | 10–15 நிமிடம் | நன்றாக | முழு நூல் கையில் வேண்டும் |
| தேடுவது | வடிவம் விசித்திரமானால் அதிகம், எளிமையானால் குறைவு | 2–5 நிமிடம் | சுமார் | பெயர் தெரிய வேண்டும். பொருள் பலவாக வரும் |
| செயலி | எவ்வளவு காட்டுகிறோமோ அவ்வளவு | ஒரு நிமிடம் | குறைவு | தவறும் உறுதியாகவே வரும். பிறர் விவரம் வெளியே போகும் |
| கேட்பது | அதிகம் | ஆள் கிடைப்பதைப் பொறுத்தது | நன்றாக, உச்சரிப்போடு | வெட்கம். முதியவர் என்றால் காலம் |
| எண் போடுவது | சோதனைக்கு மிக அதிகம் | 5–30 நிமிடம் | மிக நன்றாக | தற்செயல் ஒற்றுமை. எல்லாக் குறிக்கும் ஆகாது |

## எந்த நிலைமையில் எது?

தேர்வுக்கு முந்தைய இரவு என்றால் செயலியிடம் அரைப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள், வந்த விடையில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். அந்த நேரத்தில் அதற்கு மேல் செய்வது வீண்.

ஒரு தாளை முழுப் பருவமும் படிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வாரமே குறிப்பட்டியலை ஒரு தாளில் கையால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வாசிக்கும் முறையையும் ஓர் எண் உதாரணத்தையும் எழுதிவையுங்கள். எதிரே எழுத முடியாத குறிகளை மட்டும் ஆசிரியரிடம் கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு. புரட்டுவது, போட்டுப் பார்ப்பது, கேட்பது மூன்றும் இதற்குள் வந்துவிடுகின்றன.

வேறு துறைக் கட்டுரை படிக்கிறீர்கள் என்றால் வரிசையை மாற்றுங்கள், முதலில் அந்தத் துறைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள். மின்வேதியியலில் கழித்தல் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு 'ஜே' போடுகிறார்கள், ஏனென்றால் 'ஐ' மின்னோட்டத்துக்குப் போய்விட்டது; ஆனால் அதே 'ஜே' மின்னோட்ட அடர்த்திக்கும் வரும். இதைத் தனியாக உட்கார்ந்து பிரித்தறிய ஒரு நாள் ஆகும். தேநீர்க் கடையில் கேட்டால் ஒரு வாக்கியம்.

பழைய ஏடு, பேரேடு என்றால் கூட்டுத்தொகை உள்ள பக்கத்தை முதலில் எடுங்கள். கூட்டுத்தொகை இருக்கும் இடத்தில் ஏடே உங்கள் விடையைத் திருத்தித் தரும். எண்கள் எல்லாம் பிடிபட்ட பிறகு மிச்சத்தைப் பெரியவர்களிடம் கொண்டு போங்கள்.

ஆச்சியின் பக்கத்தில் அப்படி ஒன்று மிச்சம் இருக்கிறது. இரண்டாம் வரியில், பெயருக்கு முன்னால், ௷ மாதிரியும் இல்லாமல் ௶ மாதிரியும் இல்லாமல் ஒரு சுழிப்பு. அதை விட்டுவிட்டுக் கூட்டினாலும் தொகை சரியாக வருவதால் அது எண் இல்லை என்பது வரை தெரிந்துவிட்டது. பள்ளத்தூரில் தொண்ணூறைத் தாண்டிய கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். காலை வெளிச்சத்தில்தான் அவருக்குக் கண் தெரியும் என்று வீட்டில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் ஆச்சியும் நானும் போகிறோம். தேவகோட்டை மாணவியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.